காந்தத்திற்குத் தமிழ் தெரியுமா?

மாதுங்கா ஸ்டேஷனில் இறங்கிப் பூக்கடைகளைத் தாண்டுவதற்குள் நம்மில் பலர் மூன்று மொழிகள் பேசி முடித்துவிடுகிறோம். டிக்கெட் பரிசோதகரிடம் மராத்தி, டாக்ஸிக்காரரிடம் ஹிந்தி, பூக்காரரிடம் தமிழ். இவையெல்லாம் மூளையில் எங்கே குடியிருக்கின்றன என்று யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? நானும் நினைத்ததில்லை, சென்ற ஆண்டு பெரியப்பாவின் பேச்சு நின்றுபோகும் வரையில்.

பெரியப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளம் வயதில் தாராவிக்கு வந்தவர். தோல் கிடங்கில் கணக்கு எழுதியவர். கூட்டல் கழித்தல் தமிழில், கோபம் ஹிந்தியில், போலீஸ்காரரிடம் பணிவு மராத்தியில் என்று வகுத்து வைத்திருந்தார். மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டது. பிழைத்து எழுந்தார். ஆனால் மூன்று மொழிகளும் போய், "ஆமா" என்ற ஒரு சொல் மட்டும் நின்றது. வேண்டும் என்பதற்கும் "ஆமா". வேண்டாம் என்பதற்கும் அதுவே.

1861-இல் பாரிஸில் புரோக்கா என்னும் மருத்துவர் கண்ட நோயாளியும் எதைக் கேட்டாலும் "டான்" என்றே விடை சொன்னவர். அவர் இறந்தபின், மூளையின் இடது முன்பகுதி சிதைந்திருக்கக் கண்டார் புரோக்கா. பேச்சுக்கு அங்கே ஓர் இருப்பிடம் உண்டென்று உலகம் அறிந்தது. இன்றைய விஞ்ஞானிகளோ அது ஓரிடமன்று, பல இடங்களைப் பிணைக்கும் வலை என்கிறார்கள். ஒரு முடிச்சு அறுந்தால் மற்றவை அந்த வேலையை ஓரளவு ஏற்கக்கூடும்.

அவ்வாறு ஏற்கும்படி வெளியிலிருந்து தூண்டிப் பார்ப்பதே புதிய முயற்சி. 1985-இல் ஷெஃபீல்டில் பார்க்கர் என்பவரின் குழு செய்த கருவியில், தலையருகே பிடித்த கம்பிச்சுருளில் நொடிப்பொழுதிலும் குறைவாக மின்சாரம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து நரம்புகளை எழுப்புகிறது. மற்றொரு முறையில், ஈரப் பஞ்சின் வழியே 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்சாரம் செலுத்துகிறார்கள். செம்பூர் அத்தை இதைக் கேட்டதும், "சினிமாவில் தலைக்கு ஷாக் வைப்பார்களே, அதுவா?" என்று அழுதேவிட்டாள். அதுவன்று, அத்தை! மயக்க மருந்தும் இல்லை. வலிப்பை வரவழைப்பதும் இல்லை.

2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 74 பேருக்குப் படம் பார்த்துப் பெயர் சொல்லும் பயிற்சி தந்தார்கள். மின்சாரமும் பெற்றவர்கள் சராசரியாக 13.9 சொற்கள் கூடுதலாகச் சொன்னார்கள். பொய்யாக மின்முனை மட்டும் வைக்கப்பட்டவர்கள் 8.2. நம்பிக்கை தரும் கணக்குத்தான், முடிந்த முடிபன்று. நான் கவனித்தது வேறொன்று. பயிற்சி இரு சாராருக்கும் உண்டு. பயிற்சியில்லாத மின்சாரம் அங்கே எவருக்கும் இல்லை.

எங்கள் சங்கடமும் அதுதான். பெரியப்பாவுக்கு வாய்த்த பயிற்சி அட்டைகள் எல்லாம் ஹிந்தி. பயிற்சி தந்த பெண் பொறுமைசாலி; வாரக்கணக்கில் "டமாட்டர்" என்று காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் லுங்கியின் படம் வந்தது. பெரியப்பா வெகுநேரம் உதட்டைக் கூட்டி, "சா... சாரம்" என்றார். அவள் தவறென்று குறித்தாள். திருநெல்வேலியில் லுங்கிக்குச் சாரம் என்று பெயர் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதும் கைகொட்டிச் சிரித்து, குறியை அடித்துத் திருத்தினாள்.

நோய் வரும்போது அதிகம் பழகிய மொழியே பெரும்பாலும் முதலில் திரும்புமென்று 1895-இலேயே பித்ரே என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதினார். எல்லோருக்கும் அப்படி நிகழ்வதில்லை. பல மொழி தெரிந்தவருக்குப் பேச்சு போகாது என்றும் எண்ணவேண்டாம். ஹைதராபாதில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 608 நோயாளிகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவு இது: பக்கவாதத்திற்குப் பின் அறிவுத்திறன் குன்றாதிருந்தோர் ஒருமொழியாளரில் சுமார் 20 சதவீதம், பன்மொழியாளரில் 40, பேச்சிழப்பிலோ இரு சாராருக்கும் வேற்றுமையில்லை.

காந்த சிகிச்சையைப் பிறகு யோசிக்கலாம், முதலில் தமிழில் பயிற்சி நடக்கட்டும் என்றார் டாக்டர். ஆகவே நானும் அறைத்தோழனும் அட்டை வரைகிறோம். ஏனம், வெஞ்சனம், சாரம் என்று இதுவரை 42 ஆகியிருக்கின்றன. படம் வரையத் தெரிந்தவர்களும், நெல்லைச் சொற்கள் அறிந்தவர்களும் ஞாயிறு மாலை சங்க அறைக்கு வரலாம். என் படத்தில் கத்தரிக்காயும் மாங்காயும் ஒன்றுபோலிருப்பதாகப் பெரியம்மா குறைப்படுகிறாள்.