சாட்சி நேரம்

வேலிக்கு அந்தப் பக்கம் பெந்தெகொஸ்தே சபை. ஞாயிறு காலையில் மைக் எழும்பினால் நான் பேப்பரை மடித்து வைத்துவிடுவேன். நான் சைவக்காரன். எங்கள் கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் இதைவிடப் பெரிது என்பதால் குறை சொல்லவும் வாயில்லை. பாட்டையும் பிரசங்கத்தையும் ஒரு காதால் வாங்கி மறுகாதால் விட்டுவிடலாம். ஆனால் நடுவில் வரும் சாட்சி நேரத்துக்கு மட்டும் கதிரையை வேலியோரம் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

யாரும் எழும்பலாம். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்லிவிட்டு இருக்கலாம். தொடக்கமும் முடிவும் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்தான். நடுவில் வருவதுதான் சங்கதி. தொலைந்த மாடு, திரும்பாத மகன், காய்ச்சல், கடன் எல்லாம் அங்கே வரும். இத்தனை வருசம் ஒட்டுக்கேட்டதில் எனக்குத் தெரிந்தது இதுதான்: எங்கள் ஊரான அக்கராயனின் சரித்திரம் எங்கேயாவது ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது என்றால் அது இந்தச் சாட்சிகளில்தான். பதிவேடு இல்லை, அவ்வளவுதான்.

கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானப் புத்தகம் இருக்கும். ஒல்லாந்தர் தோம்பு என்ற காணிப் பதிவேடு எழுதினார்கள். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் பாஸ்டனுக்கு அறிக்கை எழுதியே கை ஓய்ந்தார்கள். பெந்தெகொஸ்தேக்காரர் மட்டும் எழுதிவைப்பதில் பெரிய அக்கறை காட்டவில்லை. கர்த்தரின் வருகை இன்றைக்கோ நாளைக்கோ என்று காத்திருக்கிறவர்கள் யாருக்காகக் கோப்பு வைக்கப் போகிறார்கள்?

தொண்ணூறுகளில் சாட்சி என்றால் முக்கால்வாசி மலேரியா. 1996இல் சத்ஜெய நடவடிக்கை தொடங்கிக் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனபோது, சனமெல்லாம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று காட்டுப்பக்கம் சிதறியது. முந்தின வருசம் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர்களும் அதற்குள் இருந்தார்கள். கிளிநொச்சி ஆஸ்பத்திரியும் இடம்பெயர்ந்து எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. குளமும் காடும் நுளம்பும் ஏற்கெனவே இங்கே இருந்தன. யாழ்ப்பாணத்தாருக்கு வன்னிக் காய்ச்சல் புதிது. போர்வைக்குள் பல்லுக் கிட்டி நடுங்கிக்கொண்டு, வந்த இடத்தைத் திட்டுவார்கள்.

அப்போது சபை ஒரு கிடுகுக் கொட்டில். மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை, ஆகவே மைக்கும் இல்லை. மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க ஜாம் போத்தலுக்குள் ஒரு திரி. ஒரு மாலை உபவாச ஜெபம் முடிகிற நேரம், ஒழுங்கையில் நின்று கேட்டேன். ஒரு தாய் எழும்பினாள். பிள்ளைக்குக் காய்ச்சல், மூன்று நாளாக ஒரு கோப்பைக் கஞ்சியும் இறங்கவில்லை என்று தொடங்கினாள். ஜெபித்தாளாம். பிறகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாளாம். வரிசை மரத்தடிவரை நின்றதாம். விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்களாம், குளோரோகுயின் கொடுத்தார்களாம். முதல் குளிசையைப் பிள்ளை துப்பிவிட்டது. துப்பியதை எடுத்துக் கழுவித் திரும்பக் கொடுத்தாளாம். குளிசை எண்ணித்தானே கிடைக்கும்! இப்போது பிள்ளை எழும்பி ஓடித் திரிகிறது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம், டொக்டருக்கும் ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

கொட்டிலுக்குள் ஒரு அசாத்திய அமைதி. அந்நாளைய பாஸ்டர் பழைய கண்டிப்பான மரபில் வந்தவர்; மருந்தைத் தொடுவது விசுவாசக் குறைவு என்பார். அவருக்கு இருமல் வந்தது. உண்மையான இருமல்தானா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் கதை சுவையானது. திருச்சூர்ப் பக்கத்தில் பிறந்த ராமன்குட்டி என்ற மலையாளி, பிழைப்புக்காகக் கொழும்புக்கு வந்து, கிறிஸ்தவராகிப் பாஸ்டர் பால் என்ற பெயர் பெற்றார். அவர் 1920களின் தொடக்கத்தில் தொடங்கியதுதான் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். ஊழியருக்கு வெள்ளை உடுப்பு, கலியாணம் இல்லை, சம்பளம் இல்லை, மருந்தும் இல்லை. எல்லாரும் விசுவாச வீட்டில் கூடி இருப்பார்கள். அதே காலத்தில் அன்னா லெவினி என்ற டென்மார்க் நாடக நடிகை, மேடையை விட்டுவிட்டு ஊழியக்காரியாகக் கொழும்பில் வந்து நின்றார். இவர்களுக்கெல்லாம் முன்னால் 1906இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அசூசா தெருவில், அடிமைகளாயிருந்தவர்களின் மகனான வில்லியம் சீமோர் எழுப்புதல் கூட்டம் நடத்தினார். அந்தக் கட்டடம் ஒருகாலத்தில் குதிரை லாயமாகவும் இருந்ததாம். ஒரு மலையாளி, ஒரு நடிகை, ஒரு லாயம்: அக்கராயன் கிடுகுக் கொட்டிலுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோர் அமையாது. இப்போதுள்ள இளம் பாஸ்டரிடம் சொன்னேன். "அப்பிடியோ மாஸ்டர்" என்றுவிட்டு மைக் வயரைச் சுற்றப் போய்விட்டார்.

மலேரியாச் சாட்சி இப்போது கேட்பதில்லை. 2012க்குப் பிறகு உள்ளூரில் மலேரியாத் தொற்று அநேகமாக இல்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடு என்று அறிவித்தது. வீடு வீடாக மருந்தடித்தவர்களுக்கு எந்தச் சபையிலாவது ஸ்தோத்திரம் சொன்னார்களா தெரியாது. சாட்சியில் மலேரியாவின் இடத்தை இப்போது கடன் பிடித்திருக்கிறது. நுண்நிதிக்காரன் கிழமைக்கிழமை படலையில் வந்து நிற்கிறான். லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிளைப் பறிக்க வந்தவன் மழையால் திரும்பிப் போனான் என்று ஒரு பெடியன் சாட்சி சொன்னபோது சபையே ஆர்ப்பரித்தது. விசாச் சாட்சிக்கும் குறைவில்லை. காணாமல் போன பிள்ளையின் தாய்மார் மட்டும் சாட்சி சொல்லாமல் விண்ணப்பம் வைக்கிறார்கள். அவர்களில் சிலர் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டத்திலும் போய் இருந்தார்கள். கந்தனா கர்த்தரா என்ற கேள்வி அங்கே யாருக்கும் எழவில்லை.

இப்போது சபைக்குச் சரித்திரம் தேவைப்பட்டிருக்கிறது. புதிய வழிபாட்டிடத்துக்கு அனுமதி வேண்டும் என்று 2008இல் சமய அமைச்சு சுற்றறிக்கை விட்டது. அந்த வருசம் அக்கராயன் சனம் தறப்பாளும் சட்டிபானையுமாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. ஆண்டு முடியுமுன் குளக்கட்டும் இராணுவத்தின் கையில். காகிதமெல்லாம் அந்த வழியிலேயே போயிற்று. ஆகவே, சபை பழையதுதான் என்று காட்ட நான் ஒரு குறிப்பு எழுதித் தரவேண்டுமாம்.

ஆரம்பித்த ஆண்டு? மூப்பர் ஒருவர், 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் வீட்டில் கூடி ஜெபித்ததுதான் தொடக்கம் என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சகோதரி 1995 என்றார். மீளக்குடியேறித் தகரம் போட்ட நாளே சபை பிறந்த நாள் என்று சின்னவர்கள் நின்றார்கள். எனக்கென்றால் மூன்றும் சரி. ஊர் பிறந்ததே அப்படித்தான், தவணை தவணையாக. மூன்றையும் எழுதினேன். கூடவே அந்தத் தாயின் குளோரோகுயின் சாட்சியையும் ஒரு பந்தியாகச் சேர்த்தேன்.

பாஸ்டர் வாசித்துப் பார்த்துவிட்டு, "டொக்டருக்கும் ஸ்தோத்திரம்" என்ற இடத்தை மட்டும் பேனாவால் வெட்டினார். சுத்தப் பிரதியில் திரும்பவும் எழுதிக் கொடுத்தேன். அதையும் வெட்டினார்.