சேற்றில் ஓடும் நீள்வால்

முழங்கால் அளவுத் தண்ணீரில் படகு ஓட்டுவதற்கென்றே அமைந்தது லாங் டெயில் எஞ்சின். எஞ்சின் படகின் பின்பலகை மேல் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நீண்ட ஷாஃப்ட் ஒன்று சாய்வாகப் பின்னால் போய், நுனியில் உள்ள புரொப்பெல்லரை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சுழற்றும். வழக்கமான அவுட்போர்டு எஞ்சினின் கால் செங்குத்தாக இறங்குவது. அதற்கு ஆழம் வேண்டும். சூடு தணிய வெளித் தண்ணீரை உறிஞ்சுவதால் அந்தத் தண்ணீர் கலங்கலாகவும் இருக்கக்கூடாது. சேறு போனால் பம்பு அடைத்துக்கொள்ளும். லாங் டெயிலில் இருப்பது காற்றில் குளிரும் எஞ்சின். சேற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

திருச்சி வட்டாரத்தில் இதற்கு வேலை குறைவு. காவிரியின் பழைய வாகனம் பரிசல். வட்டக் கூடைக்குப் பின்பலகை ஏது? கொள்ளிடத்துக்கு வடக்கே, துறையூர்ச் சாலையில் உள்ள திருவெள்ளறையில் ஆறே கிடையாது. அங்கே தண்ணீரைப் படி இறங்கித்தான் பார்க்கவேண்டும். தந்திவர்ம பல்லவன் காலத்து நாலுவாசல் கிணறு அதற்குச் சாட்சி. ஆனால் எஞ்சின் அந்த ஊருக்குப் புதிதல்ல. வயலில் பவர் வீடரை ஓட்டுவதும் பம்பில் நீர் இறைப்பதும் இதே ஒற்றை சிலிண்டர் சாதிதான். வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில் இந்த உறவு தலைகீழாகவும் நடந்தது. 1960-களின் தொடக்கத்தில் அங்குள்ள உழவர்கள் படகு எஞ்சினின் வாலை ஒரு குழாய்க்குள் செருகி, வாய்க்கால் தண்ணீரை வயலுக்கு ஏற்றினார்கள். படகு எஞ்சினே பம்புசெட் ஆனது. வியட்நாமியர் இந்தப் படகு எஞ்சினை ‘இறால் வால்’ என்கிறார்கள். தாய்லாந்தில் படகுக்கே ‘நீள்வால்’ என்று பெயர். அமெரிக்காவின் லூசியானா சதுப்புகளுக்கு 1977-இல் ‘கோ டெவில்’ என்ற பெயரில் இதே ஏற்பாடு விற்பனைக்கு வந்தது.

திருவெள்ளறைக்காரர் இந்த எஞ்சினுக்கு ஏற்ற தண்ணீரைப் பார்க்கக் காவிரியின் கடைமடைக்குப் போகவேண்டும். நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிந்து, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் போய் ஓய்கின்றன. ஜாம்புவானோடையில் படகேறிக் கோரையாற்றோடு போனால் காயல் வரும். பரந்து கிடக்கும் அந்த நீரில் பெரும்பகுதி ஆள் இறங்கி நிற்கும் ஆழந்தான். கீழே கால் புதையும் சேறு. பாக் நீரிணைக் கரையில் நாட்டுப்படகுகளிலும் பைபர் படகுகளிலும் ஒற்றை சிலிண்டர் டீசல் லாங் டெயில் சாதாரணக் காட்சி. சிறிய தட்டையடிப் படகுக்கு அவ்வளவு பெரியது தேவையில்லை. 160 சி.சி. அளவில், 5 குதிரைத்திறன் தரும் பெட்ரோல் எஞ்சின் போதும்.

பொருத்தும் வேலையில் எஞ்சினைவிடப் பலகைக்குத்தான் முதல் மரியாதை. அடிப்பரப்பு நாலு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள படகு, 40 கிலோ ஏற்றினால் ஒரு சென்டிமீட்டர் அமிழும். 15 கிலோ எஞ்சின் அதற்கு ஒரு பாரமா? தொல்லை தருவது குலுக்கல். நிமிடத்துக்கு 3,600 சுற்று வரை போகும் எஞ்சினின் அதிர்வும், புரொப்பெல்லர் தள்ளும் விசையும் பின்பலகை மேலேயே விழுகின்றன. அதனால் உள்பக்கம் இன்னொரு மெரைன் பிளை ஒட்டி, பலகையிலிருந்து படகின் அடிக்கு இரண்டு முட்டுக்கட்டை கொடுத்த பிறகே துளை போடவேண்டும். போல்ட்டுக்கு இருபக்கமும் இரும்புத் தகடு வேண்டும். வெறும் வாஷரை நம்பி இறுக்கினால் அது மரத்துக்குள் புதையும். பைபரில் கீறல் விடும். சாதா நட் அதிர்விலேயே கழன்றுவிடும், லாக் நட்தான் நிற்கும்.

அடுத்தது தராசு வேலை. பின்பலகையில் நிற்கும் சுழல் ஆணிதான் முள். முன்பக்கம் எஞ்சினும் கைப்பிடியும், பின்பக்கம் வால். கைப்பிடியை இரண்டு விரலால் அமுக்கினாலே வால் எழவேண்டும், விட்டால் மெல்லத் தண்ணீரில் படியவேண்டும். வால் கனத்தால் ஓட்டுபவரின் தோள் அரை மணி நேரத்தில் கழன்றுவிடும். எஞ்சின் பக்கம் கனத்தால் புரொப்பெல்லர் நீரைவிட்டு எழும்பிக் காற்றை வெட்டும். ஸ்டாண்டில் எஞ்சினை இரண்டு விரற்கடை முன்னும் பின்னும் நகர்த்தி, விரலால் அமுக்கி, மறுபடி நகர்த்துவதிலேயே ஒரு முற்பகல் போய்விடும். அவசரப்படுகிறவருக்கு இது வீண் வேலையாகத் தெரியும். அவர் ஒருநாள் முழுக்கப் படகு ஓட்டிப் பார்க்காதவர்.

சரிவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சிறு எஞ்சின்களில், அடியில் தேங்கிய எண்ணெயைக் கரண்டி போன்ற ஓர் உறுப்பு அள்ளித் தெளிக்கிறது. எஞ்சின் 20 பாகைக்கு மேல் சாய்ந்தே ஓடினால் கரண்டிக்கு எண்ணெய் எட்டாமல் சிலிண்டர் காயும். வால் அதிகம் சரிந்து இறங்கினால் விசையில் ஒரு பங்கு படகைத் தள்ளாமல் பின்புறத்தைத் தூக்குவதிலேயே போய்விடும், அணியம் நீரில் குத்தும். சரிவை 15 பாகைக்குள் வைப்பது நல்லது. ஷாஃப்ட் தொடங்கும் இடம் நீர்மட்டத்துக்கு 45 சென்டிமீட்டர் மேலே என்றால், அந்தச் சரிவில் வால் தண்ணீரைத் தொடவே ஒன்றே முக்கால் மீட்டர் வேண்டும்.

மற்றவை சில்லறை. ஷாஃப்ட் குழாயில் தள்ளுவிசையைத் தாங்கும் பேரிங் இல்லாவிட்டால் அந்த அடி எஞ்சினின் கிராங்க் மேல் விழும். நுனியிலுள்ள புஷ்ஷை மணலும் சேறும் அரைத்துக்கொண்டே இருக்கும். கிரீஸ் மறந்தால் ஷாஃப்ட் ஆடத் தொடங்கும். புரொப்பெல்லருக்குக் கீழே ஒரு காப்புக்கம்பி வைத்தால் வேர் இடித்தாலும் புரொப்பெல்லரின் இலை பிழைக்கும்.

எளிய வகைகளில் கிளச்சும் இல்லை, ரிவர்ஸும் இல்லை. கயிற்றை இழுத்த உடனே புரொப்பெல்லர் சுழலும். ஆகவே வாலை நீருக்கு மேல் தூக்கி, பின்னால் யாரும் நிற்கவில்லை என்று பார்த்தபிறகே ஸ்டார்ட் செய்வது. நிறுத்துவதற்கும் முதலில் வாலைத் தூக்குவதுதான். அணைக்கும் சுவிட்சின் கயிறு மணிக்கட்டில் கட்டியிருக்கவேண்டும். ஆள் விழுந்தால் படகு தனியே வட்டமடித்து அவர் மேலேயே வரக்கூடும். அலையாத்திக் காடு காப்புக்காடு என்பதால் உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். ஓடை குறுகும் இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுக் கழி ஊன்றுவதே முறை. கலங்கிய சேறு இறால் குஞ்சுக்கும் ஆகாது, வேருக்கும் ஆகாது.

எஞ்சின் வாங்கக் கடைக்குப் போகிறவர், படகில் வழக்கமான சுமையை ஏற்றி நீரில் மிதக்கவிட்டு, நீர்மட்டத்திலிருந்து பின்பலகையின் உச்சி எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதிக்கொண்டு போகட்டும். வாலின் நீளத்தைக் கடைக்காரர் அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.