பிள்ளைக்கும் ஒரு குவளை



ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைச் சாறு, இலவங்கப்பட்டை, கிராம்பு, சிறிது தேன், வெந்நீர், இவற்றோடு ஓர் அளவு விஸ்கி. இவ்வாறு கலக்கும் பானத்தை ஆங்கிலேயர் 'ஹாட் டோடி' என்பர். குளிர்நாட்டில், சளி பிடித்த இரவுகளில் சூடாகப் பருகிய பானம் அது. வெயிலும் மழையுமே பருவங்களாக அமைந்த நம் மலேசியாவில் இதையொத்த கலவைகள் பனிக்கட்டியோடு தீபாவளி விருந்துகளிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் இடம்பிடித்து வருகின்றன. வெளியே சென்று குடிப்பதைவிட வீட்டிலேயே கலந்துகொள்வது சிக்கனம் என்றும், குடித்துவிட்டு வண்டியோட்டும் ஆபத்து இல்லை என்றும் சிலர் கூறுவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், வீட்டில் கலக்கும்போது அருகில் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். 'டோடி' என்பது ஆங்கிலேயரின் சொந்தச் சொல் அன்று. இந்தி மொழியில் பனையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்து, பனங்கள்ளைக் குறித்த 'தாடி' என்ற சொல்லே ஆங்கிலேயர் நாவில் 'டோடி' ஆயிற்று. பின்னர் அதுவே விஸ்கியும் வெந்நீரும் சேர்ந்த பானத்திற்கும் பெயராகிவிட்டது. கண்ணாடிக் குவளையில் கிராம்பு குத்திய ஆரஞ்சுத் துண்டோடு நாகரிகமாக வந்து நிற்கும் இப்பானத்தின் பெயரில் ஒளிந்திருப்பது நம் பாட்டன்மார் அறிந்த கள்ளுதான்.

அக்கள்ளை நம் சமுதாயம் எளிதில் மறக்கவியலாது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் கோயிலும் பள்ளியும் இருந்ததைப் போலவே கள்ளுக்கடையும் இருந்தது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஆர்.எச்.நாதன் குறிப்பிடத்தக்கவர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் சம்பள உயர்வு இருந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் இருந்தது. போருக்குப் பின், 1946, 1947ஆம் ஆண்டுகளில், கெடாவில் ஏ.எம்.சாமி தலைமையில் இயங்கிய தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். கள்ளுக்கடையை மூடு, பள்ளியைத் திற என்று ஒரே மூச்சில் கேட்ட அந்த எழுத்தறியாத் தொழிலாளர்களின் தெளிவை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

இன்று அத்தோட்டங்களுள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கள்ளுக்கடைகளும் அருகிவிட்டன. கடை வெளியே இருந்தவரை அதற்கு ஒரு வாசலாவது இருந்தது. பிள்ளையை 'அங்கே போகாதே' என்று தடுக்க முடிந்தது. வீட்டு வரவேற்பறைக்கு அப்படியொரு தடை ஏது?

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'எங்கள் வீட்டு விருந்து' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். ஒரு மாணவன் பிழை குறைவாக, அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தான். விருந்தினர் வந்ததும் பனிக்கட்டி எடுத்து வருவது தன் வேலை என்றும், எலுமிச்சையை வட்டமாக நறுக்கத் தனக்குத் தெரியும் என்றும், எந்த மாமாவுக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதைக்கூடத் தான் அறிவான் என்றும், அப்பா எல்லார் முன்னிலையிலும் தன்னைப் 'பெரிய பிள்ளை' என்று பாராட்டுவார் என்றும் எழுதியிருந்தான். அக்கட்டுரையில் வருத்தமோ புகாரோ ஓர் எழுத்தளவும் இல்லை. பெருமிதமே நிறைந்திருந்தது. அதுதான் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில் அவனுடைய தந்தை வந்தார். மகன் எழுத்தைப் பாருங்கள் என்று கட்டுரை ஏட்டை அவரிடம் நீட்டினேன். முகம் சற்று வாடப் படித்து முடித்தார்.

"டீச்சர், நாங்க அளவோடதான். குடிச்சிட்டு வீட்டை மறக்கிற ஆளு நான் இல்ல. இனிமே அவன ஐஸ் எடுக்கச் சொல்லல."

"நீங்கள் நல்ல தந்தை என்பது இந்தக் கட்டுரையிலேயே தெரிகிறது, ஐயா. வேலை செய்யாதே என்று தடுத்தால் அவன் மனம் வாடும். வேறு வேலை கொடுங்கள். அவன் செய்ததை அவனும் குடிக்கும்படி இருக்கட்டும்" என்றேன்.

அதன்பின் அவர் வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்பது முறையும் அன்று. ஆனால் 'வேறு வேலை' என்று வாயால் சொல்லிவிட்டால் போதுமா? அதை என் சமையலறையில் செய்து பார்த்தேன். சில வார இறுதிகளுக்குப் பின் ஒரு பக்குவம் கைவந்தது. ஆறு பேருக்கான அளவு இது.

நடுத்தர ஆரஞ்சு 2, லிமாவ் கஸ்தூரி 10, கட்டைவிரல் அளவு இஞ்சி, இரண்டு அங்குல இலவங்கப்பட்டை 2, கிராம்பு 6, ஏலக்காய் 4, மிளகு 6, குலா மெலாகா 100 கிராம், தேயிலை 2 தேக்கரண்டி, தண்ணீர் ஒன்றேகால் லிட்டர்.

ஆரஞ்சை வெதுவெதுப்பான நீரில் நன்கு தேய்த்துக் கழுவி, மேல்தோலை மட்டும் மெல்லிதாகச் சீவிக்கொள்ளவும். அடியிலுள்ள வெண்பகுதி கசக்கும். இஞ்சி, பட்டை, கிராம்பு, ஏலக்காய், மிளகு ஆகியவற்றை ஒன்றிரண்டாக இடித்து, குலா மெலாகாவோடு நீரில் இட்டுப் பத்து நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிடவும். அடுப்பை அணைத்து, ஆரஞ்சுத் தோலைப் போட்டு மூடி, இருபது நிமிடம் வைக்கவும். பின்னர் மீண்டும் சூடாக்கி இறக்கி, தேயிலையைச் சேர்த்து, மூன்று நிமிடத்தில் வடிகட்டவும். சூடு தணிந்தபின் ஆரஞ்சுச் சாற்றையும், விதை நீக்கிய கஸ்தூரிச் சாற்றையும் ஊற்றவும். சாற்றைக் கொதிக்கவிட்டால் புத்துணர்வான மணம் போய்விடும். சூடாகவும் பருகலாம், பனிக்கட்டி இட்டும் பருகலாம். சிறு பிள்ளைகளுக்காயின் தேயிலையைத் தவிர்த்துவிடலாம்.

இதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம் உண்டு. ஆரஞ்சின் மணம் சாற்றைவிடத் தோலின் எண்ணெயில்தான் மிகுதி. தோலை மடித்து அழுத்தினால் நுண்துளியாகத் தெறிப்பது அவ்வெண்ணெயே. பட்டை, கிராம்பு ஆகியவற்றின் மணமும் எண்ணெயில்தான் உள்ளது. மது இவ்வெண்ணெய்களை எளிதில் கரைத்தெடுக்கும். தண்ணீருக்கு அத்திறன் குறைவு. ஆகவே தண்ணீருக்குச் சூட்டையும் நேரத்தையும் நாம் துணை சேர்க்கிறோம். விஸ்கி தொண்டையில் தரும் காரத்தை இஞ்சியும் மிளகும் தருகின்றன. நாவில் தரும் துவர்ப்பைத் தேயிலை தருகிறது. மது கலந்த பானத்தைக் கொதிக்கவைத்தால் மது முழுவதும் ஆவியாகிவிடும், பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம் என்று எண்ணுவோர் உள்ளனர். அது தவறு. மதுவின் கொதிநிலை 78 பாகைதான் எனினும், நீரோடு கலந்துவிட்ட மது முற்றாக வெளியேறிவிடுவதில்லை.

சீனிக்குப் பதிலாகக் குலா மெலாகாவை நான் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. தென்னம்பாளையைச் சீவினால் சொட்டும் இனிய நீரை அப்படியே விட்டுவைத்தால் சில மணி நேரத்திலேயே நொதிக்கத் தொடங்கிக் கள்ளாகிவிடும். அதே நீரைப் புளிக்குமுன் பெரிய வாணலியில் ஊற்றி, மணிக்கணக்கில் காய்ச்சி, மூங்கில் குழாய்களில் உறைய வைத்தால் குலா மெலாகா. அதன் உருளை வடிவம் அம்மூங்கில் தந்தது. மரம் ஒன்று, பாளை ஒன்று, நீரும் ஒன்று. கள்ளாவதும் வெல்லமாவதும் உரிய நேரத்தில் ஒருவர் அடுப்பு மூட்டுவதைப் பொறுத்தே அமைகிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே கிளறச் சொல்லுங்கள். அறிவியல் பாடமும் வரலாற்றுப் பாடமும் ஒரே பாத்திரத்தில் வெந்துவிடும்.

பெற்றோரே, பெரியவர்கள் மது அருந்தலாமா கூடாதா என்று தீர்ப்பளிக்க நான் முன்வரவில்லை. நம் நாட்டில் 2017 டிசம்பர் முதல் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 21. வாங்கவே 21 வயது ஆகவேண்டிய ஒன்றைக் கலந்து கொடுக்கும் வேலையைப் பதினொரு வயதுக் கைகளிடம் ஒப்படைக்க வேண்டா என்பதே என் வேண்டுகோள். அக்கைகள் வேலை கேட்கின்றன, பாராட்டுக்கு ஏங்குகின்றன. பனிக்கட்டி எடுக்கட்டும், தோல் சீவட்டும், பட்டையை இடிக்கட்டும், விருந்தினருக்குத் தாமே ஊற்றிக் கொடுக்கட்டும். 'பெரிய பிள்ளை' என்று எல்லார் முன்னிலையிலும் மனமாரப் பாராட்டுங்கள். ஊற்றி முடித்ததும், அவர்கள் குவளையிலும் அதே பானம் இருக்கட்டும்.