மின்னிசையும் மறுகவியும்

1985இல் வட கொரிய அரசு அமைத்த போச்சொன்போ மின்னிசைக் குழு, நாட்டார் பாடல்களையும் புரட்சிப் பாடல்களையும் மின்கித்தாரிலும் சிந்தசைசரிலும் இசைத்தது. கருவியை நாம் பழிக்கவில்லை. நம் கல்யாண வீடுகளிலும் ஒலிபெருக்கிதானே பாடுகிறது! அக்குழுவின் புகழ்பெற்ற காதற்பாட்டு ‘சீழ்க்கை’. அதில் இளைஞனின் நெஞ்சைக் கவர்ந்தவள், அன்றைய வேலைத்திட்டத்தை மும்மடங்கு முடித்துப் புன்னகைக்கிறாள். காதலுக்குள்ளும் அரசின் கணக்கேடு!

கல்முனைப் பக்கத்தில் நம் பெண்கள் வாய்மொழியாகக் காத்துவந்த கவிகளிலும் வயலுண்டு, உழைப்புண்டு. ஆனால் மச்சான் ஏங்கிப் பாடினால் மச்சி ஏசிப் பாடுவாள். கவிக்கு மறுகவி உண்டு. அரசே பாடும் பாட்டுக்கு மறுகவி கட்ட எவருக்கு வாய் வரும்?

சென்ற தவணையில் கரும்பலகையில் ஒரு கவியை எழுதி, மாணவியரிடம் மறுகவி கேட்டோம். பின்வாங்கில் இருந்தவள் ஆசிரியராகிய நம்மையே ஏசிக் கட்டினாள். வகுப்பு அதிரச் சிரித்தது.