பீப்பாயின் ஆயுள் மூன்று நாள்

ஆங்கிலேயர் ஒருவரிடம் அவர் ஊர் வெதர்ஸ்பூன் எப்படி என்று கேட்டால் பதில் உடனே வரும். மேஜை பிசுபிசுக்கிறது. கவுன்டரில் ஆள் போதாது. கழிப்பறைக்குப் போக இரண்டு மாடி ஏற வேண்டும். சாப்பாடு ஆறிக் கிடந்ததைச் சூடு பண்ணிக் கொடுத்ததுபோல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், கூட்டம். சகிக்க முடியாத கூட்டம். இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை நண்பர்களை அங்கேதான் சந்திக்கப் போவதாகவும் சொல்வார். பீர் மலிவு. இன்னும் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால், சற்றே தயங்கி இன்னொன்றையும் ஒப்புக்கொள்வார்: பீர் நன்றாகவும் இருக்கிறது.

வெதர்ஸ்பூன், பிரிட்டன் முழுக்க ஊர் நடுவில் கடை விரித்திருக்கும் ஒரு பப் நிறுவனம். சட்டம் படித்துவிட்டு வக்கீல் தொழில் பக்கம் போகாத டிம் மார்ட்டின் 1979இல் வடக்கு லண்டனின் மஸ்வெல் ஹில் பகுதியில் தொடங்கிய ஒற்றைக் கடை, இன்று 800 அளவில் கிளை விட்டிருக்கிறது. பெயர், சிறு வயதில் நியூசிலாந்தில் அவருக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவருடையது. வகுப்பை அடக்கத் தெரியாத ஆசிரியர் என்று மார்ட்டினே கதை சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை இரவு அந்தப் பெயர்ப் பலகையின் கீழ் நிற்பவர்களுக்குப் பொருத்தம் விளங்கும்.

இந்த நிறுவனம் புதுக் கட்டடங்களைவிட, வேலை போன பழைய கட்டடங்களையே அதிகம் தேடிப் பிடித்திருக்கிறது. மூடிய சினிமா கொட்டகை, வங்கி, தபால் நிலையம் எதையும் விடவில்லை. டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஓபரா அரங்கம் ஒன்றே பப் ஆகியிருக்கிறது. ராம்ஸ்கேட் கடற்கரையில் பாழடைந்து கிடந்த விக்டோரியா பெவிலியன் 2017இல் நாட்டிலேயே பெரிய பப்பாகத் திறந்தது. ஒவ்வொரு கிளையின் தரைக் கம்பளத்துக்கும் தனித்தனி வடிவம். அந்தக் கம்பளங்களைப் பற்றி மட்டும் 2016இல் ஒரு புத்தகம் வந்தது. திட்டுகிறவர்கள்கூடக் கட்டடத்தைத் திட்டுவதில்லை.

மார்ட்டினின் மனதில் இருந்த முன்மாதிரி ஒரு கட்டுரை. பீகாரின் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் ஒரு லண்டன் மாலைப் பத்திரிகையில் 'நீருக்கடியில் நிலா' என்ற பப்பைப் பற்றி எழுதினார். ரேடியோ கிடையாது, பியானோ கிடையாது, நிம்மதியாகப் பேசலாம், பரிமாறும் பெண்களுக்கு வருகிறவர்களின் பெயர் தெரியும். இப்படிப் புகழ்ந்துகொண்டே போய், கடைசியில் அப்படி ஒரு பப்பே இல்லை என்று போட்டுடைப்பார். வெதர்ஸ்பூன் அந்தப் பெயரைப் பல கிளைகளுக்குச் சூட்டியது. பெரும்பாலான கிளைகளில் பாட்டுக் கிடையாது என்ற விதியும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் ஆர்வெலின் பப் இருந்தது சந்தில். குடித்துக் கலாட்டா செய்கிறவர்கள் வழி கண்டுபிடித்து வராத இடம். வெதர்ஸ்பூன் இருப்பது முச்சந்தியில். பெயர் சொல்லி வரவேற்பது நடக்கிற காரியமா?

ரியல் ஏல் என்ற சங்கதியைப் புரிந்துகொண்டால்தான் வாடிக்கையாளர்களின் சண்டை புரியும். பாட்டில் பீர் அடைக்கும்போதே பெரும்பாலும் அடங்கிப் போன சரக்கு. ரியல் ஏல் அப்படியில்லை. வடிகட்டாமல், ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் அடைத்துப் பப்புக்கு அனுப்புகிறார்கள். நிலவறையில் இருக்கும்போது உள்ளே இன்னும் புளித்துக்கொண்டிருக்கும். வண்டல் அடியில் தங்கித் தெளிய வேண்டும். அதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். பிறகு கவுன்டரில் நிற்கும் கைப்பிடியை இழுத்து, ஏறக்குறைய நம் ஊர் அடிபம்பு மாதிரி, மேலே கொண்டுவருகிறார்கள். கேஸ் அடிப்பதில்லை. 12 டிகிரி அளவில் பரிமாறுவதால், இந்தியாவிலிருந்து போகிறவர்கள் முதல் மடக்கிலேயே 'பீர் ஜில்லென்று இல்லையே' என்று முகம் சுளிப்பதுண்டு.

பீப்பாயைத் திறந்ததும் காற்று உள்ளே போகிறது. அதன் பிறகு சுமார் மூன்று நாள்தான். கள் இறக்குகிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: காலையில் இருந்த ருசி மாலையில் இருக்காது. சிறிய பீப்பாய் ஒன்றில் ஒன்பது காலன், அதாவது 72 பைண்ட் பீர். மூன்று நாளில் 72 பேர் கேட்டு வாங்க வேண்டும். வாங்காவிட்டால் மீதி வினிகர் பக்கம் சாயும்.

அங்கேதான் அந்தச் சகிக்க முடியாத கூட்டம் வேலைக்கு வருகிறது. வெள்ளிக்கிழமை நெருக்கித் தள்ளும் ஒரு கிளையில் பீப்பாய் ஒரே மாலையில் காலியாகும்; பழசாக நேரமே இல்லை. ஒன்பது கைப்பிடிகளில் சிறு ஆலைகளின் பீரை மாற்றி மாற்றி வைத்தாலும் தாங்கும். ஆனாலும் மலிவுக்குக் காரணமாக வாடிக்கையாளர்கள் சொல்லும் கதை வேறு: காலாவதி ஆகப்போகும் பீரை வாங்கி விற்கிறார்களாம். பல வருஷமாக உலவும் வதந்தி. நிறுவனம் மறுத்து அலுத்துவிட்டது. இவ்வளவு வேகமாகத் தீரும் சரக்கில் பழசை வாங்கி என்ன லாபம் என்று யாரும் யோசிப்பதில்லை. மொத்தமாக வாங்கி வேகமாக விற்கிறார்கள் என்ற காரணம், வதந்தி அளவுக்குச் சுவையாக இல்லை.

ரியல் ஏல் இன்றைக்கும் இருப்பதே வாடிக்கையாளர்கள் வாய் திறந்ததால்தான். 1960களில் பெரிய ஆலைகள் கேஸ் ஏற்றிய, எங்கும் ஒரே ருசியுள்ள பீரை நாடு முழுக்கத் திணித்தன. 1971இல் அயர்லாந்துக்கு விடுமுறைக்குப் போன நான்கு இங்கிலாந்து இளைஞர்கள் அதைச் சகிக்க முடியாமல் 'காம்ரா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். இன்று உறுப்பினர்கள் லட்சத்துக்கும் மேல். இவர்களில் பலர் மார்ட்டினின் பப்களில் பல வருஷம் தள்ளுபடிச் சீட்டு நீட்டிக் குடித்தவர்கள். குறை சொல்வதிலும் இவர்களே முன்னணி. ஆனால் கற்றுக் குறை சொல்கிறவர்கள். கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். புளித்திருந்தால் திருப்பிக் கொடுப்பார்கள். நல்ல கடையில் மறு பேச்சில்லாமல் வேறு கிடைக்கும்.

நுரை ஒரு தனி வழக்கு. பைண்ட் என்றால் 568 மில்லி. குறைந்தது 95 சதவீதமாவது திரவமாக இருக்க வேண்டும், கேட்டால் மேலும் ஊற்ற வேண்டும் என்பது தொழில்துறையின் வழிகாட்டுதல். வட இங்கிலாந்துக்காரர் குழாய் முனையில் சிறு துளைகளுள்ள மூடியைப் பொருத்திக் கெட்டி நுரையோடு கேட்பார். தெற்கத்திக்காரருக்கு அது காசு கொடுத்துக் காற்று வாங்கும் ஏமாற்று வேலை. கும்பகோணம் காபிக்கு நுரைதான் பெருமை என்று நினைக்கிறவர்கள் வடக்கின் கட்சியில் சேரக்கூடும்.

இன்னொரு சண்டை வரிசையைப் பற்றியது. எதற்கும் வரிசையில் நிற்கும் ஆங்கிலேயர் பப் கவுன்டரில் மட்டும் நிற்பதில்லை. பரவலாகச் சாய்ந்து நிற்பார்கள். அடுத்தது யார் என்பது பரிமாறுகிறவரின் ஞாபகத்தில் இருக்கும். கோவிட்டுக்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக நிற்கும் பழக்கம் பல ஊர்களில் தலைகாட்டியிருக்கிறது. பழைய வாடிக்கையாளர்களுக்கு இது கலாசாரச் சீரழிவு. 2017இல் வந்த செயலியில் மேஜை எண்ணைத் தட்டி உட்கார்ந்த இடத்துக்கே பீர் வரவழைக்கிற இளைஞர்களுக்கு, இரண்டு கட்சியும் வேடிக்கை.

அரசியலும் டம்ளருக்கு அடியில் வந்தது. 2016 வாக்கெடுப்பின்போது ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகச் சொல்லி மார்ட்டின் பீர் அட்டைகளிலேயே அச்சடித்தார். அன்று முதல் அந்தக் கதவைத் தாண்டாதவர்கள் உண்டு. அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குடித்தவர்களும் உண்டு.

காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போதே வருகிறவர்களின் அபிப்பிராயத்தில் பீர் பெரும்பாலும் இடம் பெறுவதில்லை. ஓய்வு பெற்றவர்கள், தனியாக வாழ்கிறவர்கள். ஒரு கோப்பைக்குக் காசு கொடுத்தால் மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம் என்ற காபியோடு செய்தித்தாளை விரிக்கிறார்கள். 2022இல் வீட்டைச் சூடேற்றும் செலவு எகிறியபோது, அந்த ஒரு கோப்பைக்குச் சூடான கூடமும் சேர்ந்து கிடைத்தது. பாட்டு இல்லாததால், காது மந்தமானவருக்கும் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கும். எழுந்து போகச் சொல்ல யாரும் வருவதில்லை. கவனிக்கவே ஆள் இல்லை என்று மாலையில் வருகிறவர் திட்டும் அதே குறை, காலையில் இவர்களுக்குச் சௌகரியம்.

வியாழக்கிழமைக் கூட்டம் வேறு. பல வருஷமாக அன்று 'கறி கிளப்': கறி, சோறு, நான், ஒரு பானம், எல்லாம் சேர்த்து ஒரே விலை. இந்தியர் நாக்குக்கு அது பாசாங்காகத் தெரியலாம். ஆனால் பதிலுக்கு நம் பெயரும் அங்கே கைப்பிடியில் தொங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளையருக்காகக் கப்பலேறிய வெளிர் பீரின் வாரிசு, 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயரோடு.

இனி, சந்துக்குள் இருக்கும் பப். ஆர்வெல் வர்ணித்ததற்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருப்பது அதுதான். நடத்துகிறவருக்கு வருகிறவர்களின் பெயர் தெரியும். பெரிய ஆலைகளின் பிடியைத் தளர்த்த அரசு 1989இல் போட்ட ஆணைக்குப் பிறகு ஆயிரக்கணக்கான பப்கள் கைமாறின. பலவற்றை வாங்கியவை வாடகைக்கு விடும் கம்பெனிகள். இடத்துக்கு வாடகை கொடுப்பவர் பீரையும் அந்தக் கம்பெனி மூலமே, பெரும்பாலும் சந்தையைவிடக் கூடிய விலையில் வாங்க வேண்டும். முச்சந்தி விலைக்கு அவர் எப்படி இறங்குவார்? வாடிக்கை குறையக் குறைய, 72 பைண்ட் மூன்று நாளில் தீராது. நாலாம் நாள் பீர் புளிக்கும். புளித்த பீரைக் குடித்தவர் அடுத்த முறை முச்சந்திக்குப் போவார். நான்கு கைப்பிடி இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், பிறகு கேஸ் பீர் மட்டும். 2000இல் பிரிட்டனில் 60,000க்கு மேல் இருந்த பப்கள் 2023இல் 45,000 அளவுக்கு வந்துவிட்டன. அந்தச் சந்துக் கடைக்கு ஈடே இல்லை என்று உருகுகிறவர்களில் பலர் அங்கே போவது கிறிஸ்துமஸுக்கு மட்டும்.

பழி முழுவதும் முச்சந்திக்குச் சேராது. 2024இல் சர் பட்டம் பெற்ற மார்ட்டின் வருஷக்கணக்காகச் சொல்லிவரும் குறை, சந்துக் கடைக்காரர் அவரைப் பற்றிச் சொல்லும் குறையின் நகல்தான். பப்பில் விற்கும் சாப்பாட்டுக்கு 20 சதவீத வாட் வரி. சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் பெரும்பாலான உணவுப் பொருளுக்கு வரியே இல்லை. அந்த லாபத்தைக் கொண்டு அவர்கள் பீரை மலிவாக விற்கிறார்கள், எப்படிப் போட்டி போடுவது என்கிறார். சூப்பர் மார்க்கெட் தகர டப்பாவுக்கு மூன்று நாள் கணக்கு இல்லை. மாதக்கணக்கில் அலமாரியில் நிற்கும். வரிசையும் வேண்டாம், மாடிப்படி கழிப்பறையும் வேண்டாம் என்று அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் எந்த பப்பைப் பற்றியும் குறை சொல்வதில்லை.