அப்பத்தா வீட்டு ஸ்நான அறை

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் பக்கமாகப் போகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது செம்மண்ணும் கருவேல மரங்களுந்தான். "இந்தப் பொட்டலில் என்ன இருக்கப் போகிறது?" என்று நினைத்து முடிப்பதற்குள், ஒரு தெருத் திருப்பத்தில் அரண்மனை அரண்மனையாக வீடுகள் வந்து நிற்கும். ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை! முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள், வளவில் கண்ணாடி போன்ற காறைச் சுவர்கள். எல்லாம் இருக்கும், ஆட்கள்தாம் இருக்கமாட்டார்கள். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் திறந்து, மறுநாள் பூட்டிவிட்டுச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் புறப்பட்டு விடுகிறார்கள். 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம் பெற்றன. பட்டியலில் பெயர் ஏறினால் வீட்டில் விளக்கு எரிந்துவிடுமா, என்ன?

என் தோழியின் பூர்வீக வீடும் அப்படிப்பட்டதுதான். அவளுடைய அப்பத்தாவுக்கு 81 வயது. சென்னையில் மகன் வீட்டில், ஏழாவது மாடியில் வாசம். "ஒரு மாசமாவது நம்ம வளவில படுத்து எழுந்திரிக்கணும்" என்று வருஷம் முழுவதும் சொல்லிக் கொண்டிருப்பார். ஆனால் ஊருக்கு வந்தால் மூன்றாம் நாளே திரும்பி விடுவார். காரணம் ஒன்றே ஒன்று. குளிக்கவும் ஒதுங்கவும் இடம், கொல்லைக் கோடியில் இருந்தது. வளவிலிருந்து இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அப்புறம் தோட்டம். நான் நடந்து பார்த்தேன்: 140 அடி! வழியில் ஐந்து நிலைப்படிகள், ஒவ்வொன்றும் முழங்காலை விசாரிக்கிற உயரம். நடுராத்திரியில் கைவிளக்கைப் பிடித்துக் கொண்டு இந்த யாத்திரை போக எந்தப் பாட்டியால் முடியும்?

"உள்ளேயே ஒன்று கட்டிவிட்டால் போயிற்று" என்று பட்டணத்துக்காரர்கள் எளிதாகச் சொல்லிவிடலாம். செட்டிநாட்டு வீடு ஒருவருடைய சொத்தல்ல. கல்யாணமான பிள்ளை ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை, பங்கு. இந்த வீட்டுக்கு ஏழு பங்குகள். ஒரு பெரியவர், "படைப்பு நடக்கிற வளவை ஒட்டிக் கக்கூஸா?" என்று காதைப் பொத்திக் கொண்டார். வெளிநாட்டிலிருக்கும் ஒரு பங்காளி, "செலவு எதற்கு? வீட்டையே விற்றுவிடலாமே" என்று செய்தி அனுப்பினார்.

விற்றால் என்ன ஆகும் என்பதைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பார்க்கலாம். இடித்த வீடுகளின் கதவு, தூண், பர்மா அரக்குப் பெட்டி, எனாமல் தட்டு எல்லாம் கடை கடையாக அடுக்கியிருக்கின்றன. அப்பத்தாவை அந்தப் பக்கம் அழைத்துப் போக வேண்டாமென்று தோழி சொல்லிவிட்டாள்.

கடைசியில் வழி சொன்னவர் ஊர்க் கொத்தனார்தான். வளவில் கை வைக்கக்கூடாது. இரண்டாம் கட்டில், பக்கத்துச் சந்தை ஒட்டினாற்போல் இருந்த பழைய சாமான் அறையை எடுத்துக் கொள்ளலாம் என்றார். அப்பத்தா படுக்கிற இடத்திலிருந்து இருபதே அடி. காதைப் பொத்திய பெரியவரும் வந்து பார்த்து, "இது வேறே கட்டு" என்று தலையசைத்தார். வேறு கட்டாக இருந்தது எவ்வளவு சௌகரியமாகப் போயிற்று, பாருங்கள்!

கொத்தனார் பழைய சுவரில் உளியை வைக்கவே சம்மதிக்கவில்லை. சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்து இழைத்த சுவர் அது. ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். மூச்சு விடுகிற சுவர் என்றே சொல்லலாம். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, காறை பாளம் பாளமாக உதிரும். ஆகவே பழைய சுவரைத் தொடாமல் நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, உட்புறம் தனியாக மெல்லிய செங்கற்சுவர் எழுப்பினார்கள். குழாய்களெல்லாம் புதுச் சுவரில் ஓடி, சந்துப் பக்கம் வெளியேறுகின்றன. நாளைக்கு வேண்டாமென்றால் புதுச் சுவரைப் பிரித்துவிடலாம். வீட்டுக்கு ஒரு கீறல் இராது.

கழிவுநீருக்கு உறிஞ்சு குழி வேண்டுமே? கொல்லையில் கிணறு இருக்கிறது. கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளியிருக்க வேண்டுமென்று நூல் பிடித்து அளந்து, தோட்டத்து மறு மூலையில் தோண்டினார்கள். முற்றத்தில் விழும் மழைத் தண்ணீரைக் கால்வாய் வைத்து ஊருணிக்கு அனுப்பிய முன்னோர்கள் கட்டிய வீடு. அதில் நாம் கிணற்றைக் கெடுத்தால் அவர்கள் சும்மா விடுவார்களா?

தரைக்குக் கல் வாங்க ஆத்தங்குடி போனோம். நேயர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம். கண்ணாடித் துண்டின்மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் வர்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அதன்மேல் சிமெண்டும் மணலும். இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுத்தால், கண்ணாடியின் மினுமினுப்பு முழுவதும் கல்லுக்கு வந்துவிடுகிறது! சூளையே கிடையாது. எனக்கு அங்கிருந்து கிளம்பவே மனமில்லை.

ஆனால் அந்த மினுமினுப்பே ஈரத்தில் ஆபத்து. வயதானவர்கள் குளிக்கிற இடத்தில் அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தோழியும் கைகழுவும் தொட்டிப் பக்கம் மட்டும் ஆத்தங்குடிக் கல்லைப் பதித்தாள். தண்ணீர் விழுகிற இடத்துக்கு மெருகேற்றாத கருங்கல். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம். ஆத்தங்குடிக் கல் பதித்தவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: ஆசிட் ஊற்றிக் கழுவினால் பூவெல்லாம் போய்விடும். சோப்புத் தண்ணீரே போதும்.

கதவு வெளிப்புறம் திறக்கிறது. உள்ளே யாராவது விழுந்துவிட்டால் கதவு தடுக்கக்கூடாதல்லவா? சுவரோடு பிடிமானக் கம்பி இரண்டு, சற்று உயரமான இருக்கை, ராத்திரி முழுவதும் எரிய ஒரு சின்ன விளக்கு. வழியிலிருந்த ஒரே நிலைப்படியை வெட்டலாமா என்று பேச்சு வந்தது. அப்பத்தா பார்த்த பார்வையில் பேச்சு நின்றுவிட்டது. இப்போது இருபுறமும் சரிவான பலகை போட்டிருக்கிறார்கள். படி படியாகவே இருக்கிறது.

செலவை ஆறு பங்காக்கிக் கொண்டார்கள். விற்கச் சொன்னவர் முதலில் ஒன்றும் தரவில்லை. வேலை நடக்கிற படங்களைப் பார்த்தபின், வெந்நீர்க் கொதிகலன் தம் பொறுப்பு என்று எழுதிவிட்டார்.

பூட்டிப் போகிற வீடுகளுக்கு ஒரு விஷயம். தரைக் குழாயின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதுதான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிற தாழ்ப்பாள். வாரக்கணக்கில் புழங்காவிட்டால் அது வற்றிவிடும். ஆகவே வாசல் தெளிக்கிற அம்மாளிடம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வாளித் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டித் தேங்காயெண்ணெய் விடும்படி தோழி படித்துப் படித்துச் சொல்லிக் கொண்டிருந்தாள். எண்ணெய் மிதந்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது.

வளவுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா நிமிர்ந்து பார்த்தார். "ஏத்தா, எண்ணெயை ஏன் பாழாக்குற? பொங்கல் கழியிற வரைக்கும் நான்தானே இங்க இருக்கப் போறேன்?" என்றார்.