சொல்லலாமா, மறைக்கலாமா?

நவரை நடவு நேரம். மூணு வாரமாக விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். தாம்பரம் சானடோரியத்தில் சளியைப் பரிசோதித்து, காசநோய் என்றார்கள். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அங்கே போனதாகச் சொன்னாலே எங்கள் படப்பைப் பக்கம் சிலர் தள்ளி உட்காருவார்கள். சின்ன மகளுக்கு வேறு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரிடமும் மூச்சு விடாமல், உரம் வாங்கப் போகிற சாக்கில் மாத்திரை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

‘‘வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?’’ என்று டாக்டர் கேட்டார்.

ரெண்டு வயசுப் பேரன் என் மார்பில்தான் தூங்குவான். அன்று ராத்திரியே வீட்டில் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் பரிசோதனை செய்தார்கள். பேரனுக்கு நோய் இல்லை. தடுப்பு மருந்து கொடுத்தார்கள்.

‘‘வரன் வீட்டுக்கும் சொல்லிடுப்பா’’ என்றாள் மகள். சொன்னோம். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அவள் கலங்கவில்லை, நான்தான் அழுதேன்.

ஆறு மாசம், ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டேன். குணமாகிவிட்டது. ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேண்டியதில்லை. நம் மூச்சுக்காற்று படுகிறவர்களிடம் மறைக்காதீர்கள். ரெண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதியுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்தான்.